கண்ணாடிக்குப் பின்னால் டேங்க், சரி. தண்ணீர் எங்கே போகும்?

கேள்வி: பெங்களூரு இந்திராநகரில் முதல் மாடியில் 4,000 சதுர அடி இடம் பிடித்திருக்கிறோம். ஒரு தடவைக்கு 500 லிட்டர் பீர் காய்ச்சும் மைக்ரோ ப்ரூவரி. டேங்க்குகள் கண்ணாடி வழியாகத் தெரிய வேண்டும், உள்ளே வெளியே ஒரே மரத்தரை, செங்கல் சுவர் என்று டிசைனர் படம் தந்திருக்கிறார். பிற்பாடு பார் பக்கத்திலேயே ஜின் வடிக்க ஒரு சின்னச் செம்புக் கலன் வைக்கவும் ஆசை. எதில் செலவு செய்யலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

பதில்: படம் பார்த்தேன், அழகுதான். ஆனால் அதில் தண்ணீர் வடிய ஒரு டிரெயின்கூட இல்லை. பீர் காய்ச்சுவது என்பது பாதிக்கு மேல் கழுவுகிற வேலை. கொதிக்கும் வோர்ட் (முளைகட்டிய பார்லியான மால்ட்டை ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாறு), 70, 80 டிகிரியில் காஸ்டிக் சோடா கரைசல், அப்புறம் அமிலம், எல்லாம் முடிந்து ஹோஸ் பிடித்துத் தண்ணீர். எல்லாம் விழுவது தரையில்தான். டேங்க் பகுதியில் மரம் வேண்டவே வேண்டாம். கையிருப்பில் பெரும்பங்கை அந்தத் தரைக்கே ஒதுக்குங்கள்.

அடிக்குக் கால் அங்குல வாட்டம் வேண்டும். 12 அடி நீளத்துக்கு மூன்று அங்குலம் இறங்கும். டேங்க் வரிசைக்கு முன்னால் நீளமாக ஓர் ஸ்டீல் வாய்க்கால். குளியலறை மாதிரி மூலையில் ஒரு ஜாலி போட்டு ஒப்பேற்ற முடியாது. மேல்பூச்சுக்கு ஒப்பந்தக்காரர் எபாக்ஸி என்கிற பிசின் பூச்சைச் சொல்வார், விலை குறைவு என்பதால். நான் ஆரம்பகாலத்தில் செய்த ஓர் இடத்தில் அதைத்தான் போட்டோம். சூட்டில் எபாக்ஸி விரிகிற அளவும் கான்கிரீட் விரிகிற அளவும் வேறு. சில மாதத்தில் கொதிகலனுக்கு அடியில் அப்பளம் மாதிரி உப்பியது, தட்டினால் டொக் டொக் என்றது, அதன் அடியில் புளித்த தண்ணீர். பிய்த்துவிட்டுத் திரும்பப் போட்ட செலவு முதல் செலவைவிட அதிகம். 6 முதல் 9 மில்லிமீட்டர் கனத்தில் பியூ (பாலியூரிதேன்) கான்கிரீட் போடுங்கள், சுவரோரம் வளைவாக ஏற்றிவிடுங்கள். கீழே வேறு கடை இருக்கும் என்பதால், அதற்கும் அடியில் வாட்டர்ப்ரூஃபிங்.

முதல் மாடி என்பதால் இன்னொன்று. 1,000 லிட்டர் டேங்க் நிரம்பினால் பீர் மட்டுமே ஒரு டன், ஸ்டீல் தனி. அது உட்கார்வது ஏறக்குறைய ஒரு சதுர மீட்டரில், நான்கு கால்களில். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோவுக்குத்தான் கணக்குப் போடுவார்கள். பீம் எங்கே ஓடுகிறது என்று ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் சொன்ன பிறகுதான் டேங்க் இடம் முடிவாக வேண்டும். நுழைந்ததும் கண்ணில் படுகிற இடமாக அது இல்லாமல் போகலாம். பரவாயில்லை.

கண்ணாடி வைக்கலாம். தரைவரை இறக்காமல் அரையடி கான்கிரீட் திட்டு கட்டி அதன்மேல் வையுங்கள், இல்லையென்றால் ஹோஸ் தண்ணீர் வாடிக்கையாளர் செருப்புக்கு வந்துவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். 5 சதவீத பீர் 500 லிட்டர் நொதித்து முடிய, ஏறக்குறைய 10,000 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தரையோரம் தேங்கும். கண்ணாடியால் மூடிய அறை அதற்குத் தொட்டி மாதிரி. எக்ஸாஸ்ட் தரைமட்டத்தில் இருக்க வேண்டும், அலாரம் சென்சார் இடுப்புக்குக் கீழே. கூரையில் ஃபேன் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

மால்ட் அரைக்கும் மில்லுக்குத் தனி அறை. அந்தத் தூசி தீப்பிடிக்கும், பீரைப் புளிக்கவைக்கும் கிருமியும் அதில் உண்டு. ஒரு தடவை பீர் காய்ச்ச நூறு கிலோ மால்ட் உள்ளே போனால், ஈரச் சக்கையாக அதைவிடக் கனமாக வெளியே வரும். அந்த டிரம் சாப்பிடுகிறவர்கள் நடுவே போகக் கூடாது. பின்படி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

மிச்சம் பிடிக்க இடம் நிறைய உண்டு. செங்கல் டைல், பழைய இரும்புக் குழாய் அலங்காரம், தொங்கும் மஞ்சள் பல்புகள் எதுவும் அவசியமில்லை. உங்களிடம் உண்மையான குழாயே இருக்கிறது, அதை ஒழுங்காக வளைத்து ஓட்டச் சொல்லுங்கள். அந்தக் காசைக் கூரையில் சத்தம் உறிஞ்சும் பேனல்களுக்குப் போடுங்கள். ஸ்டீல், கண்ணாடி, கான்கிரீட் மூன்றும் சேர்ந்தால் சனிக்கிழமை ராத்திரி எதிரே இருப்பவர் பேச்சுக்கூடக் கேட்காது.

பார் கவுண்டர் நடுத் தீவாக இருப்பதை மாற்றச் சொல்லுங்கள். குளிர் அறைக்கு ஒட்டிய சுவரிலேயே டாப்கள் வரட்டும். தீவுக்கு பீர்க் குழாய் இழுத்தால் வழியில் பீர் சூடாகி நுரைத்து, ஒவ்வொரு கிளாஸிலும் கொஞ்சம் சிங்க்குக்குப் போகும். மேற்கு ஜன்னலோர மேசைகளுக்கு ஒரு திரையும் வேண்டும். கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூ சேர்ந்த பீரில் நேர் வெயில் பட்டால் சில நிமிடத்திலேயே ஒரு கெட்ட வாடை வந்துவிடும், பழி உங்கள் ப்ரூவர் தலையில் விழும்.

ஜின்னை இந்தப் படத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். பீர் லைசென்ஸில் வடிக்க முடியாது என்பது ஒரு பக்கம். 40 சதவீத ஆல்கஹாலின் ஆவி 26 டிகிரி வாக்கிலேயே ஒரு பொறி பட்டால் தீப்பற்றும், பெங்களூரு பகல் சூடு போதும். அதற்குத் தனி அறை, பொறி வராத மின் சாதனங்கள், தனிக் காற்றோட்டம் எல்லாம் வேண்டும். பார் ஓரத்தில் காட்சிப்பொருளாக வைக்கிற சமாச்சாரம் இல்லை.

கடைசியாக, தரை காய்ந்ததும் டேங்க் வரும் முன் பத்து வாளி தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். எங்காவது குட்டை நின்றிருந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். அது சரியாகும்வரை ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.