பழைய காரில் இன்ஜின் ஆயில் ஏன் மெதுவாகக் கசிகிறது, எப்படிச் சரிசெய்வது?

இன்ஜினின் இரண்டு உலோகப் பாகங்கள் சேரும் இடத்தில் ஆயிலை வெளியே விடாமல் அடைத்து நிற்பதுதான் கேஸ்கெட். பல வருடம் சூடாகி ஆறியதில் அது விறைத்துச் சுருங்கிவிடும், பழைய குக்கர் கேஸ்கெட் ஓரமாக ஆவி விடுவது போல.

முதலில் இன்ஜினை நன்றாகத் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டிய பின் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரியும் இடங்களில் ஆக மேலே இருப்பதுதான் பெரும்பாலும் கசிவின் மூலம். தரையில் சொட்டும் இடத்தை நம்ப வேண்டாம். ஆயில் வழிந்து, காற்றில் பின்னால் தள்ளப்பட்டுத்தான் அங்கே வந்திருக்கும்.

கசிவது வால்வ் கவர் (இன்ஜினின் மேல் மூடி) கேஸ்கெட் என்றால் பல கார்களில் எளிதாக மாற்றிவிடலாம். இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் (ஆயிலை அடைக்கும் வளையம்) போயிருந்தால் பொதுவாக கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வ் அடைத்திருக்கிறதா என்றும் அவசியம் பாருங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் புது சீலும் கசியும். சரிசெய்யும்வரை டிப்ஸ்டிக் என்ற அளவுக் கம்பியில் ஆயில் அளவு பார்த்துக்கொண்டே இருங்கள்.

போல்ட்டை இன்னும் முறுக்கினால் கசிவு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அளவுக்கு மீறினால் கேஸ்கெட் பிதுங்கி, கவர் வளைந்து, கசிவு கூடத்தான் செய்யும்.