உப்புக் காற்றில் ஓடிய பழைய காரை எப்படிப் பார்த்து வாங்குவது? கேள்வி பதில்

ராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். டிங்கர் வேலையில் தொடங்கி மெக்கானிக் வேலைக்கு வந்தவன். டிசையர், எட்டியோஸ், அமேஸ், எக்ஸென்ட் மாதிரி சின்ன செடான்களைப் பழையதாக வாங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். நம் கரையில் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் அடித்தகரத்தைப் பாருங்கள்.

கேள்வி (பாம்பன்): அண்ணே, தங்கச்சிமடத்தில் 2013 டிசையர் டீசல் ஒன்று விலைக்கு வருகிறது. ஒரே ஓனர், 82,000 கிலோமீட்டர். பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது. எஞ்சினை யாரிடம் காட்டலாம்?

எஞ்சினை அப்புறம் காட்டலாம் தம்பி. அந்த 1,248 சி.சி. டீசல் எஞ்சினைப் பிரித்துச் சேர்க்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு, சாமானும் கிடைக்கும். தகரம் போனால் கார் போச்சு. லாரிக்கு இருப்பதுபோல இந்தக் கார்களுக்குத் தனிச் சேஸ் கிடையாது. தரை, ரன்னிங் போர்டு (கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதி), தூண், கூரை எல்லாம் சேர்த்து வெல்டிங் வைத்த ஒரே கூடு, அதுதான் சேஸ்.

1914-ல் திறந்த நம் பாம்பன் ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விடாமல் பெயிண்ட் அடித்துப் பராமரித்த பாலம். தூக்குப் பகுதியில் அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் தீவுக்கு மறுபடி ரயில் போனது. கார்த் தரையின் தகரம் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. உப்பு, காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழையே இல்லாத மாதத்திலும் மடிப்புகளுக்குள் தகரம் நனைந்தபடியே கிடக்கும்.

போகும்போது டார்ச், துணி சுற்றிய சின்னக் காந்தம், ஒரு ஸ்குரூ டிரைவர் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து வையுங்கள். அந்தக் குழியின் ஓரத்தில் வெல்டிங் கோட்டை ஒட்டிக் காவி நிறத்தில் கோடு ஓடுகிறதா பாருங்கள். அடுத்து நான்கு கதவையும் திறந்து கீழ் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். தண்ணீர் வடிவதற்கு அங்கே சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை அடைத்துக்கொண்டிருந்தால் கதவு உள்ளிருந்தே அரிக்க ஆரம்பித்திருக்கும். பெயிண்ட் கொப்புளம்போல உப்பியிருந்தால் அதற்குக் கீழே தகரம் பாதி போயிருக்கும்.

பிறகு ரன்னிங் போர்டின் அடியில் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகரம் ‘டங்’ என்று சொல்லும். பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) போட்ட இடம் ‘டொப்’ என்று செத்த சத்தம் கொடுக்கும். அங்கே காந்தத்தை வையுங்கள், ஒட்டாது. ஓனர் சம்மதித்தால் முனையால் லேசாக அழுத்திப் பாருங்கள். அரித்த இடத்தில் அப்பளத்தில் குத்தியதுபோல உள்ளே போகும். பானெட்டைத் திறந்து, முன் சஸ்பென்ஷன் மேலே வந்து உட்காரும் இரண்டு வட்டங்களைச் சுற்றியும் பாருங்கள். கடைசியாகப் பட்டறையில் ஏற்றி வைத்து, பின் ஆக்சில், பிரேக் பைப், முன் சப்ஃபிரேம் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டம்) மூன்றையும் பாருங்கள்.

பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றீர்களே, எனக்கு அதுதான் யோசனையாக இருக்கிறது. தீவில் பத்து வருடத்துக்கு மேல் நின்ற கார் அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள். அடியில் புதுசாகக் கறுப்பு அண்டர் கோட்டிங் அடித்திருந்தாலும் அதே கேள்விதான். துருவைச் சுரண்டாமல் மேலே கோட்டிங் அடித்தால் அது உள்ளே இன்னும் வேகமாகத் தின்னும்.

கேள்வி (மண்டபம்): இந்தப் பக்கம் துரு இல்லாத காரே இல்லையே. எதுவரை பரவாயில்லை?

சைலன்ஸர், போல்ட் தலை, டிஸ்க் ஓரம் இங்கெல்லாம் மேலாகப் பிடித்த துருவுக்குப் பயப்பட வேண்டாம். கதவு, மட்கார்டு, பானெட் மூன்றும் மாற்றக்கூடியவை, விலையில் குறைத்துக் கேளுங்கள். தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை என்றால் நல்ல டிங்கர் வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்துவிடுவார். ரன்னிங் போர்டு உள்பக்கம், கதவுத் தூணின் அடி, சஸ்பென்ஷன் மேல் வட்டம், சப்ஃபிரேம் போல்ட் ஏறும் இடம் இவற்றில் ஒன்று போயிருந்தாலும் அந்தக் காரைத் தொடாதீர்கள். விபத்து நேர்ந்தால் உள்ளே இருப்பவர்களைத் தாங்குவது அந்த இடங்கள்தான்.

கேள்வி (கீழக்கரை): காக்கா, எங்கள் சொந்தத்தில் ஒருவர் துபாயில் இருக்கிறார். அவருடைய 2012 ஆக்ஸென்ட் நான்கு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. 31,000 கிலோமீட்டர்தான். புதுக் கார் மாதிரிதானே?

இல்லை தங்கச்சி. நம் கரையில் ஓடின காரைவிட நின்ற காரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3512 என்றால் 2012-ல் 35-வது வாரம் செய்த டயர். பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும், ஐந்தையும் மாற்றியாக வேண்டும். பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும். டேங்கில் பழைய பெட்ரோல் கெட்டு, அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கும். அதை வடிக்காமல் ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று டேஷ்போர்டு அடியிலும் ஏர் ஃபில்டர் பெட்டியிலும் பாருங்கள்.

ஆக்ஸென்ட் பெட்ரோலில் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பெல்ட் உண்டு. கிலோமீட்டர் குறைவு என்றாலும் பெல்ட்டுக்கு வயதாகியிருக்கும். ஓடும்போது அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சின் செலவு வரும். முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள். டிசையர் டீசல், எட்டியோஸ், அமேஸ் இவற்றில் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால் அந்தக் கவலை இல்லை. சொந்தக்காரர் கார், நம்பிக்கையான இடம், துரு இல்லை என்றால் இந்தச் செலவை எல்லாம் கூட்டி விலையில் கழித்துவிட்டு வாங்கலாம்.

கேள்வி (உச்சிப்புளி): எஞ்சினை நானே ஓரளவு பார்த்துக்கொள்ள வழி உண்டா அண்ணே?

உண்டு. வருகிற நேரத்தைச் சொல்லிவிட்டு, அதற்கு அரை மணி முன்னாலேயே போய் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் இன்னொரு நாள் போங்கள். ஆறிக் கிடக்கும் எஞ்சின் முதல் சாவியில் எப்படிப் பிடிக்கிறது என்பது பாதிக் கதையைச் சொல்லிவிடும். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே போகிறது. டீசலில் மிதிக்கும்போது கொஞ்சம் கறுப்பு வரும், கொட்டினால் இன்ஜெக்டரோ டர்போவோ வேலை கேட்கிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெளுத்த பசை இருந்தால் எஞ்சின் ஹெட்டுக்குக் கீழே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

உங்கள் பக்கத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள், சூட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள். கூலன்ட் பச்சை, சிவப்பு, நீலம் என எந்த நிறமானாலும் தெளிந்து இருக்க வேண்டும். கூலன்ட் வாங்கச் சோம்பல்பட்டு உப்பான போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டிய கார்கள் இங்கே ஏராளம். உள்ளே கலங்கிய டீத்தண்ணீர் நிறம் தெரியும். மூடியின் உள்பக்கம் கெட்டிலில் படிவதுபோல வெள்ளைப் பாறை படிந்திருக்கும். போன கோடையில் இப்படி ஒரு எட்டியோஸ் ரேடியேட்டரை வெட்டிப் பார்த்தேன். குழாய்களில் பாதிக்குமேல் உப்பு அடைத்து, குச்சிகூட நுழையவில்லை. ஓனரைக் கேட்டால் ‘ஒரு நாளும் தண்ணீர் குறைய விட்டதில்லையே’ என்றார். பாவம், அவர் அக்கறையாகத்தான் ஊற்றியிருக்கிறார். அந்த எஞ்சின் ஒருமுறை கொதித்து ஹெட் வளைந்துவிட்டது.

கேள்வி (ராமேஸ்வரம்): டி போர்டாக (வாடகை வண்டியாக) ஓடிய எட்டியோஸை ஓன் போர்டாக (சொந்த உபயோகத்துக்கு) மாற்றி விற்கிறார்கள். விலை ரொம்பக் குறைவு.

மாற்றியதைச் சொல்லியே விற்றால் அதில் தப்பில்லை, சொல்லாமல் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். மீட்டரை நம்பாதீர்கள், அதைக் குறைப்பது ரொம்பச் சுலபம். பிரேக் பெடல் ரப்பர் வழுக்கென்று தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்து, பின் சீட்டின் நடுவிலும் பள்ளம் விழுந்திருந்தால் அது வாடகை ஓட்டம். குடும்பக் காரில் பின் சீட் அந்த அளவு அமுங்காது. பழைய இன்ஷூரன்ஸ் தாள்களைக் கேளுங்கள், அதில் வாடகை வண்டி என்று இருக்கும்.

ராமேஸ்வரம் வண்டி என்றால் தனுஷ்கோடி டிரிப் அடித்திருக்கும். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு வந்ததிலிருந்து தினமும் அங்கே போய்வரும் கார்கள் உண்டு. இரண்டு பக்கமும் கடல், காற்றோடு மணலும் பறக்கும். வீல் பேரிங், ஆல்டர்னேட்டர், கதவு லாக் எல்லாவற்றிலும் அது தெரியும். பெட்ரோல் எட்டியோஸ் உழைக்கிற வண்டி, எனக்குப் பிடித்த வண்டி. ஆனாலும் இந்த ஓட்டம் ஓடியதை நான் வாங்க மாட்டேன்.

கேள்வி (தேவிபட்டினம்): அப்படியென்றால் சென்னைக் கார் பார்க்கலாமா?

சென்னையும் கடற்கரைதானே. தவிர 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே நிறையக் கார்கள் வெள்ளத்தில் நின்றன. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் மூழ்கியது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், முனையில் சேற்றுக் கோடு இருந்தால் விட்டுவிடுங்கள். சீட்டுக்கு அடியில் வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தாலும் வேண்டாம். மதுரை, விருதுநகர், சிவகங்கைப் பக்கம் தேடுங்கள். ஒரு நாள் பஸ் செலவு, அவ்வளவுதான்.

கேள்வி (சாயல்குடி): 2011 அக்டோபரில் பதிவான இண்டிகோ. ஆர்.சி. பிரச்சினை வருமா?

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். உங்களுடையது 2026 அக்டோபரில் முடியும். பிறகு வண்டியைக் காட்டிப் புதுப்பித்தால் ஐந்து வருடம் நீட்டிப்பார்கள். அதற்கான கட்டணம், பசுமை வரி இரண்டையும் இப்போதே விலையில் கழியுங்கள். நம் கரைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சேஸ் நம்பர் வெட்டிய இடம் துருப்பிடித்து எண் அழிந்திருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மாட்டிக்கொள்வீர்கள். வாங்கும்முன் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) கடன் தீர்ந்ததைக் காட்டும் ஃபார்ம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் ஓனர் கையெழுத்து வேண்டும். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். நிலுவை அபராதம் இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (ஏர்வாடி): ஏ.சி. குளிர்கிறது. வேறு என்ன பார்க்க?

பத்து நிமிடம் அல்ல, நடுமத்தியானம் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். முன்னால் இருக்கும் கண்டென்சரின் அலுமினியத் தகடுகளை உப்பு பொடியாக்கிவிடும். விரல் பட்டால் உதிர்ந்தால் சீக்கிரமே புதுசு வாங்க வேண்டும்.

கேள்வி (தொண்டி): 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காருக்கு ஆகுமா?

2023-க்கு முன் வந்த கார்கள் பெரும்பாலும் அதற்கென்று செய்தவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும். பெட்ரோல் ஹோஸ், ரப்பர் வாஷர் இவை வெடித்திருக்கின்றனவா, கசிகின்றனவா என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். வண்டியை மாதக் கணக்கில் நிறுத்திப் போடாதீர்கள்.

கேள்வி (பெரியபட்டினம்): அமேஸ் வாங்கியாச்சு, தகரம் நன்றாக இருக்கிறது. எப்படிக் காப்பாற்றுவது?

வாரம் ஒருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் உப்பைத் தேய்த்த மாதிரிதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள், உள்ளே ஈரம் அடைந்துகொள்ளும். கதவு ஓட்டைகளைத் தென்னங்குச்சியால் குத்தி விடுங்கள். கல் தெறித்து பெயிண்ட் போன இடத்தில் அன்றைக்கே டச்சப் வையுங்கள்.

மறுபடி பாம்பன்: அண்ணே, போய்ப் பார்த்தேன். ஸ்டெப்னி குழி சுத்தம். ஆனால் டிரைவர் பக்க ரன்னிங் போர்டில், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்குரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. ஓனர் முகம் வாடிப்போச்சு. உடனே 40,000 குறைக்கிறேன் என்கிறார்.

வேண்டாம் தம்பி. ஒரு பக்கம் குத்திய இடத்தில் ஓட்டை என்றால் உள்மடிப்பில் முன் சக்கரம் வரை போயிருக்கும், மறுபக்கமும் பின்னாலேயே வரும். நாற்பதாயிரம் குறைத்தாலும் அந்தக் கூட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஓனர் மேலும் கோபப்படாதீர்கள், அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். அட்வான்ஸ் கொடுக்காமல் வந்தீர்களே, அது போதும். மானாமதுரைப் பக்கம் ஒரு டிசையர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்விடலாம், நானும் வருகிறேன். காந்தத்தை மறக்காமல் எடுத்து வாருங்கள்.