ஃப்ரீசரில் வைத்த பயத்தங்காய்க்கு வைக்கோல் வாடை ஏன்?

கேள்வி: புக்கிட் மெர்தாஜாமில் வீட்டுக்குப் பின்னால் பயத்தங்காயும் வெண்டையும் போட்டிருக்கிறேன். ஒரே நேரத்தில் காய்த்துத் தள்ளுகிறது. அக்டோபர் மழையில் செடி அழுகிவிடுமே என்று எல்லாவற்றையும் கழுவி, நறுக்கி, பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் நிறம் மங்கி, வைக்கோல் வாடை அடிக்கிறது. எங்கே தவறு?

பதில்: சகோதரி, கொதிநீரில் முக்கி எடுப்பதை விட்டுவிட்டீர்கள். பறித்த பிறகும் காய்க்குள் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். குளிர் அவற்றை மெதுவாக்கும், நிறுத்தாது. நிறத்தையும் மணத்தையும் கெடுப்பவை அவைதான்.

அரைக் கிலோ காய்க்கு நாலரை லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். காயைப் போட்டு மூடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கொதி வராவிட்டால் காய் அதிகம் என்று அர்த்தம். அடுத்த முறை குறைத்துப் போடுங்கள். கொதி வந்த பிறகே நேரக் கணக்கு: பயத்தங்காய்க்கு 3 நிமிடம், சின்ன வெண்டைக்கு 3, பெரிய வெண்டைக்கு 4. இதைக் கண் மதிப்பில் செய்யாதீர்கள். அரைகுறையாக முக்கினால் அந்தச் சூடே நொதிகளைத் தூண்டிவிடும். அதற்கு முக்காமலே வைத்துவிடலாம்.

பலரும் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். நம் பினாங்கு வெயிலில் குழாய்த் தண்ணீர் காயை ஆற்றாது. காயின் எடைக்குச் சமமாக ஐஸ் போட்ட தண்ணீரில், கொதிநீரில் முக்கிய அதே நிமிடக் கணக்குக்கு வையுங்கள். பிறகு ஒரு காயை ஒடித்து நடுப்பகுதியை உதட்டில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் உள்ளே இன்னும் வெந்துகொண்டிருக்கிறது.

வெண்டைக்குக் காம்பை மட்டும் சீவுங்கள். விதை அறை திறந்தால் கொழகொழப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். முழுசாக முக்கி, ஆறிய பிறகு நறுக்குவதே சரி.

துணியில் ஈரம் போக ஒற்றி, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவிட்டு, பிறகு பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள். பையில் காற்று நின்றால் காய் வறண்டு வெளுத்துப்போகும். தேதி எழுத மறக்காதீர்கள். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் எட்டு மாதம் வரை தரம் நிற்கும். ஒற்றைக் கதவுக் குளிர்ப்பெட்டியின் ஐஸ் அறை பெரும்பாலும் அந்தக் குளிரை எட்டாது. அதில் வைத்ததைச் சில வாரங்களில் தீர்த்துவிடுங்கள். சமைக்கும்போது உருகவிடாமல் நேராகச் சூடான சட்டியில் போடுங்கள்.

வெள்ளரி காய்த்தால் ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், உருகியதும் துவண்டு தண்ணீராகிவிடும். அச்சார் போடுங்கள்.

இப்போது கைவசம் உள்ள பைகளைத் தூக்கி எறிய வேண்டாம். இடையில் உருகாமல் உறைந்தபடியே இருந்திருந்தால் சாப்பிடக் கெடுதலில்லை. பொரியலாக வைத்தால் வாடை காட்டிக்கொடுக்கும். புளி தூக்கலான காரக்குழம்பில் போட்டுவிடுங்கள்.