பரணில் கிடக்கும் துப்பாக்கி

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மணிப்பூரில் ஆளுநர் கெடு விதித்து ஆயுதங்களைத் திரும்ப வாங்கினார். எங்கள் சொந்த ஊரான கிருஷ்ணகிரிப் பக்கம், நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அவ்வப்போது அறிவிக்கிறார்கள். தேர்தல் வந்தால் இங்கே பெங்களூரிலும் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். எந்த ரவுடியாவது தானாக வந்து கொடுப்பானா? இதெல்லாம் கண்துடைப்பு இல்லையா? பள்ளிக்கூடம் போகும் பேரன் இருக்கும் எங்கள் வீட்டுப் பரணிலும் காலஞ்சென்ற என் மாமனாரின் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று கிடக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நாட்டில் வன்முறை குறைந்துவிடுமா?

— வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ரவுடி கொடுக்க மாட்டான். அதில் உங்களோடு எனக்கு வழக்கு இல்லை. 2017 செப்டம்பர் 5 அன்று நம் பெங்களூரின் ராஜராஜேஸ்வரி நகரில் தன் வீட்டு வாசலில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். 7.65 மில்லிமீட்டர் நாட்டுத் துப்பாக்கி. அப்படி ஒன்றை வைத்திருப்பவன் நாளிதழில் கெடு அறிவிப்பைப் படித்துவிட்டு ஸ்டேஷன் படி ஏறுவான் என்று காவல்துறையில் ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை.

ஆனால் அதே துப்பாக்கியைப் பற்றி இன்னொன்றும் உண்டு. 2015 ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கியைக் கொன்றதும் அதே துப்பாக்கிதான் என்றது தடயவியல் அறிக்கை. இரண்டு ஆண்டுகள் அது எங்கோ பத்திரமாக இருந்திருக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் துப்பாக்கி மூன்று தலைமுறைக்கு உழைக்கும். வாங்கியவன் செத்த பிறகும் சுடும். ஆகவே ஒப்படைத்தவற்றின் எண்ணிக்கையைப் பார்த்து, "இவ்வளவுதானா" என்று உதட்டைப் பிதுக்குவதில் நான் சேரமாட்டேன். இடையில் அந்த ஒன்று சிக்கி உலைக்குப் போயிருந்தால் என்ற நினைப்பு இந்த ஊரில் பத்திரிகை நடத்தும் எனக்கு இன்றும் ஆறவில்லை.

வன்முறை என்றதும் நீங்கள் ரவுடியை மட்டும் நினைக்கிறீர்கள். பிசகு அங்கேதான். அஞ்செட்டிக்கு அப்பால் என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர். கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போய்விடும். அதற்காகவே வீட்டு எரவாணத்தில் ஒரு நாட்டுத் துப்பாக்கியைச் செருகி வைத்திருப்பார்கள். குழல் வழியாகவே கரிமருந்தைப் போட்டு, பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, கம்பியால் இடித்து வைப்பார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். வரப்பில் நின்ற ஒரு புளியமரத்துக்காகச் சண்டை. வழக்கமான சண்டைதான், வருடா வருடம் புளி உலுக்கும்போதெல்லாம் நடப்பது. அன்று அண்ணன் குடித்திருந்தார், எரவாணம் கைக்கு எட்டியது. தம்பிக்கு அடிவயிற்றில் பட்டது. ஓசூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. கைக்கு எட்டியது ஒரு கம்பாக இருந்திருந்தால் மண்டை உடைந்திருக்கும், நாலு தையல் போட்டிருப்பார்கள், மாரியம்மன் பண்டிகைக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். சிறையிலிருந்து திரும்பிய பிறகு அந்த அண்ணன், தம்பி வீடு கண்ணில் படாதபடி திண்ணையில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார். அவரை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். அவரை ரவுடி என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த முறை போலீஸ் கெடு விதித்தபோது ஊர்க்கவுண்டர் வீடு வீடாகப் போய்ப் பேசினார். ஒரு விடியற்காலையில் முனியப்பன் கோயில் வேப்பமரத்தடியில் ஏழு துப்பாக்கிகள் கோணியில் கட்டிக் கிடந்தன. யாருடையவை என்று போலீஸ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றுகூட வந்திருக்காது. அந்த ஊரில் சண்டைகள் இன்றும் உண்டு. ஆஸ்பத்திரியோடு முடிகின்றன.

இதை ஒரு நாடு முழுக்கச் செய்தது ஆஸ்திரேலியா. 1996 ஏப்ரல் 28 அன்று போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்ட் வலதுசாரி. துப்பாக்கிப் பிரியர்களின் ஓட்டும் வாங்கி வந்தவர். அவர்தான் இரண்டே வாரத்துக்குள் எல்லா மாநிலங்களையும் உட்காரவைத்து ஒப்புக்கொள்ளச் செய்தார். சரசரவென்று சுடும் ரைபிள் வகைகளுக்குத் தடை வந்தது. மருத்துவ வரியில் ஒரு முறை மட்டும் 0.2 சதவீதம் கூட்டி, அந்தப் பணத்தில் விலை கொடுத்து, சுமார் 6,50,000 துப்பாக்கிகளை வாங்கி நசுக்கினார்கள். அதோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். புதிதாக வாங்குகிறவன் தகுந்த காரணம் காட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு துப்பாக்கியும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று ஆனது. அடுத்த பத்து ஆண்டுகளில் துப்பாக்கியால் நேரும் சாவு விகிதம் ஏறக்குறையப் பாதியானது. அதற்கு முன்பே குறைந்துகொண்டுதான் இருந்தது என்று மறுப்பவர்கள் உண்டு, அது சரிதான். ஆனால் குறையும் வேகம் கூடியது. குறைந்த சாவுகளில் பெரும்பங்கு எது தெரியுமா? தற்கொலை. ஒரு கெட்ட இரவில் கைக்கெட்டிய தூரத்தில் துப்பாக்கி இல்லாததால் மறுநாள் காலையைப் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க நகரங்களில் நடப்பது வேறு. ஒரு சனிக்கிழமை, தேவாலய வளாகத்தில் மேசை போட்டு, துப்பாக்கி கொடுத்தால் பரிசுக் கூப்பன் தருகிறார்கள். கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் விருப்பம். கூப்பன் வாங்கியவர் அந்த வாரமே கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பல நகரங்களின் கணக்கைப் பார்த்த பொருளாதார ஆய்வாளர்கள், குற்றம் குறைந்ததற்கு அடையாளம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். கண்துடைப்பு என்ற உங்கள் சொல்லை அங்கே பயன்படுத்துங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். 2023 இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி இன்னும் கொடுமை. ஒப்படைத்த துப்பாக்கிகளை அழிப்பதாக ஒப்பந்தம் எடுத்தவர்கள், சட்டப்படி துப்பாக்கி என்று கணக்கில் வரும் ஒரே ஒரு பாகத்தை மட்டும் நசுக்கிவிட்டு, மீதிக் குழல், விசை, பிடி எல்லாவற்றையும் உதிரிபாகமாக விற்றிருக்கிறார்கள். அந்தப் பாகம் ஒன்று மட்டும் வாங்கினால் மறுபடி முழுத் துப்பாக்கி. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், இனி இது யாரையும் கொல்லாது என்று நம்பித்தானே கொண்டுவந்து கொடுத்திருப்பாள்!

மணிப்பூருக்கு வருகிறேன். 2023 மே மாதம், பள்ளத்தாக்கில் வாழும் மெய்தேயிகளுக்கும் மலையில் வாழும் குக்கிகளுக்கும் இடையே தொடங்கிய கலவரத்தில் போலீஸ் ஆயுதக் கிடங்குகளிலிருந்து பறிபோனவை சுமார் 6,000. அந்த ஆண்டே இம்பாலில் ஒரு எம்.எல்.ஏ. தன் வீட்டு வாசலில், பறித்த ஆயுதங்களை இங்கே போடுங்கள் என்ற பலகையோடு ஒரு பெட்டி வைத்தார். 2025 பிப்ரவரி 20 அன்று ஆளுநர் அஜய் குமார் பல்லா ஏழு நாள் கெடு விதித்து, பிறகு மார்ச் 6 வரை நீட்டித்தார். வந்து சேர்ந்தவை ஆயிரத்தை ஒட்டி. மீதி ஏன் வரவில்லை? பள்ளத்தாக்கில் இருப்பவனுக்கு மலையில் இருப்பவன் கொடுப்பான் என்ற நம்பிக்கை இல்லை. மலையில் இருப்பவனுக்கும் அப்படியே. இன்று இரவு என் வீட்டைக் கொளுத்த வந்தால் யார் வருவார் என்ற கேள்விக்கு அரசு விடை சொல்லாதவரை எந்தக் கெடுவும் முழுதாகப் பலிக்காது. குறை கெடுவில் இல்லை. கெடு விதித்த அரசின் சொல்லை மக்கள் நம்பவில்லை.

நம்பிக்கை கிடைத்தபோது என்ன நடந்தது என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. எஸ்.என். சுப்பா ராவ் பெங்களூரில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் நிற்கும் எஸ் என்ற எழுத்து சேலத்தைக் குறிப்பது. மத்தியப் பிரதேசத்தின் சம்பல் பள்ளத்தாக்கில் ஜௌராவுக்குப் போய் ஆசிரமம் அமைத்து, கொள்ளைக்காரர்களின் குடும்பங்களோடு பழகினார். 1972 ஏப்ரலில் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில், காந்தி படத்தின் அடியில், அந்தக் கொள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து துப்பாக்கிகளை வைத்தார்கள். தூக்கு இல்லை என்ற உறுதி இருந்தது. திறந்தவெளிச் சிறை இருந்தது. வெளியே வந்தபின் பிழைக்க வழி காட்டினார்கள். அதன் பிறகும் சம்பலில் கொள்ளை முற்றாக ஒழியவில்லை. பூலான் தேவி சரணடைந்தது 1983 இல். ஆனால் 1972 இல் துப்பாக்கியை வைத்தவர்களில் பலர் ஏர் பிடித்து வாழ்ந்து முடித்தார்கள்.

குடகைக் காட்டி என்னை மடக்க நினைப்பீர்கள். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு, சாவுக்கு இரண்டு வேட்டு என்று துப்பாக்கியோடு வாழும் மக்கள். உரிமம் பெறுவதிலிருந்து 2029 அக்டோபர் வரை அவர்களுக்கு விலக்கும் இருக்கிறது. யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று அங்கே ஊருக்கே தெரியும். உங்கள் வீட்டுப் பரணில் இருப்பது உங்கள் பேரனுக்குத் தெரியுமா? தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தத் துப்பாக்கிக்கான உரிமம் மாமனாரோடு முடிந்துவிட்டது. உங்கள் பெயருக்கு மாற்றவில்லை என்றால், அது இப்போது அஞ்செட்டி எரவாணத்தில் இருந்தது போன்ற கள்ளத் துப்பாக்கிதான். 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21 ஆவது பிரிவு, இப்படிப்பட்டதைத் தாமதிக்காமல் அருகிலுள்ள ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்து விவரம் சொல்லிவிடுங்கள். மாமனாரின் பழைய உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழலில் தோட்டா இருக்கிறதா என்று நீங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம், தெரிந்தவர் பார்க்கட்டும். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பேரன் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் பரணிலிருந்து இறக்குங்கள்.