கால்வாயைச் சீர் செய்ய யார் காசு, யார் நிலம்?

நகராண்மையின் திட்டமிடல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆறு, கால்வாய், லோங்காங் (வடிகால்) சம்பந்தப்பட்ட கோப்புகள்தான் என் மேசைக்கு அதிகம் வரும். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (செந்தூல்): ஐயா, மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் நீல விளக்கு, பனிப்புகை எல்லாம் போட்டார்கள். நானூறு கோடிக்கு மேல் செலவு என்றார்கள். தண்ணீர் என்னவோ இன்னும் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில்தான் ஓடுகிறது. காசு எங்கே போனது?

‘ரிவர் ஆஃப் லைஃப்’ என்று அந்தத் திட்டத்துக்கு ஒரே பெயர் வைத்தாலும் அதற்குள் மூன்று வேலைகள் இருந்தன. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தை ஒட்டி 10.7 கிலோமீட்டருக்கு அழகுபடுத்துவது ஒன்று. ஆறுகளிலும் கிளை ஆறுகளிலும் 110 கிலோமீட்டருக்குச் சுத்தம் செய்வது இன்னொன்று. கரையோர அரசு நிலத்தைத் தனியாருக்கு டெண்டர் விட்டுக் காசு பார்ப்பது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்ன தொகை 440 கோடி வெள்ளி (ரிங்கிட்). நீங்கள் பார்த்த நீல விளக்கு 2017 ஆகஸ்டில் திறந்தது. அது அழகு வேலை.

சுத்தம் செய்யும் வேலை பெரும்பாலும் நம் கண்ணில் படாது. கழிவுநீர் நிலையங்களை மேம்படுத்த வேண்டும், செலாயாங், பூடு மாதிரி பாசார்களில் மீனும் கோழியும் கழுவிய தண்ணீரைச் சுத்திகரிக்க வேண்டும், குப்பைப் பொறிகள் வைக்க வேண்டும். அதை யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள். மழைக்குப் பிறகு வரும் பழுப்பு நிறம் பெரும்பாலும் மண். மேலே எங்கோ மேட்டை வெட்டிக் கட்டடம் எழுப்புகிறார்கள் என்று அர்த்தம். நாற்றம் வேறு சங்கதி. அது மலக்கழிவும் சாப்பாட்டுக் கடைகளின் எண்ணெய்ப் பிசுக்கும். 2020-க்குள் உடம்பில் பட்டாலும் பாதகமில்லாத ‘2பி’ தரத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். அங்கே கால் நனைக்க நீங்களும் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை.

என் கணிப்பு இதுதான். நிலத்தை விற்க வேண்டுமென்றால் முகப்பு அழகாக இருக்க வேண்டும். அதனால் அழகு முந்திக்கொண்டது, சுத்தம் பின்தங்கியது.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): மேம்பாட்டாளர் கால்வாய்க்குப் பணம் கொடுக்கிறார் என்கிறார்களே, சும்மா கொடுப்பாரா?

எந்தக் காலத்திலும் கொடுத்ததில்லை. அரசு நிலத்தை வாங்கி, அதற்கான விலையாகக் கொடுப்பார். அல்லது பத்து மாடி கட்டும் இடத்தில் முப்பது மாடி கட்ட அனுமதி வாங்கி, அதற்கு மேம்பாட்டுக் கட்டணம் செலுத்துவார். இதற்கு 1982-ஆம் ஆண்டு கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இல்லாவிட்டால் தன் நிலத்தை ஒட்டிய கரையைத் தானே கட்டித் தருவார். மூன்றாவது வகைதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதைப் போய்ப் பார்த்துக் கணக்குக் கேட்கலாம். கட்டணமாக வாங்கும் காசு பொதுக் கணக்கில் விழுந்துவிட்டால் அது எந்தக் கால்வாய்க்கு வந்த காசு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் எந்த வகையாக இருந்தாலும் ஒரு சிக்கல் தீராது. நிலத்தை ஒரு தடவைதான் விற்க முடியும். கால்வாயில் மண்ணும் குப்பையும் தினமும் வந்து சேரும். தூர் வார, பம்ப் ஓட்ட, பொறியில் சிக்கிய பிளாஸ்டிக்கை அள்ள ஆண்டுதோறும் காசு வேண்டும். திறப்பு விழா நடந்த ஐந்தாம் ஆண்டு அந்தச் செலவு யார் வரவுசெலவில் இருக்கிறது என்று கேளுங்கள். என் மேசைக்கு வந்த கோப்புகளில் அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் காலியாக இருக்கும்.

கேள்வி (செராஸ்): ஸ்மார்ட் சுரங்கமும் இந்த மாதிரிதானா?

கிட்டத்தட்ட. 2007-இல் திறந்த 9.7 கிலோமீட்டர் சுரங்கம் அது. வெள்ளத்தைத் திருப்பி விடத்தான் கட்டினார்கள், நடுவில் ஒரு பகுதியில் கார் போக வழி வைத்து டோல் வாங்குகிறார்கள். வெள்ளத் தடுப்புக்கு டோல் கிடையாது என்பதால் பெரும்பங்கு அரசுதான் போட்டது. பெரிய மழை வந்தால் சாலையை மூடிவிடுவார்கள். ஆக, சுரங்கம் தன் உண்மையான வேலையைச் செய்கிற நாளில் வருமானம் இல்லை!

கேள்வி (ஜோர்ஜ்டவுன்): அண்ணா, எங்கள் பிராங்கின் கால்வாய் நன்றாக வந்திருக்கிறது. அதற்கு யார் விலை கொடுத்தது?

தம்பி, அது நல்ல கதை, ஆனால் பாதிக் கதை. 1970-களில் கொம்தார் கோபுரம் எழும்பியபோது அந்த வட்டாரத்தில் பழைய ஜோர்ஜ்டவுனின் ஒரு பெரும் பகுதியே போய்விட்டது. 2004-இல் பழைய சந்தை இடம் மாறியது. அதன்பின் சியா போய் என்ற அந்தச் சந்தை நிலம் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தது. எல்.ஆர்.டி. (இலகு ரயில்) நிலையத்துக்கு அந்த இடத்தைக் குறித்து வைத்திருந்தார்கள். 2015-இல் தோண்டும்போது 19-ஆம் நூற்றாண்டுக் கால்வாயின் கட்டுமானம் வெளியே வந்தது. கடைசியில் நிலையத்தை நகர்த்தினார்கள்; 2019-இல் அந்த இடம் தொல்லியல் பூங்காவாகத் திறந்தது.

இங்கே பெரிய செலவு கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் ஆனது இல்லை. நகரின் நட்டநடுவில் அந்த நிலத்தில் கட்டாமல் விட்டார்களே, அதுதான் உண்மையான விலை. நிலம் மாநில மேம்பாட்டுக் கழகத்தின் கையில் இருந்ததால் அது முடிந்தது. தனியார் நிலமாக இருந்திருந்தால் தோண்டிய கல்லுக்கு மேல் இன்று கார் நிறுத்துமிடம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சுற்றியுள்ள வாடகையையும் கவனியுங்கள். 2000-த்தில் வாடகைக் கட்டுப்பாடு முடிந்தது, 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் பெயர் வந்தது. ஏற்கெனவே இரண்டு அடி வாங்கிய குடித்தனக்காரர்களுக்கு அழகான கால்வாய் மூன்றாவது அடியாகவும் ஆகலாம்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): கடலைத் தூர்த்து ரயிலுக்குக் காசு என்றார்களே, அதுவும் இந்தக் கணக்குதானே?

அதே கணக்குதான், அளவு பெரிது. தூர்த்த நிலத்தை விற்று எல்.ஆர்.டி. கட்டுவோம் என்றார்கள். மூன்று தீவுகளாக 4,500 ஏக்கர் என்று தொடங்கி, 2023-இல் சிலிக்கன் தீவு ஒன்று மட்டும், சுமார் 2,300 ஏக்கர் என்று சுருங்கியது. 2024-இல் எல்.ஆர்.டி. செலவை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. முதலில் சொன்ன காரணம் போய்விட்டது, தூர்ப்பது நிற்கவில்லை. அப்படியானால் தூர்ப்பது எதற்கு என்பதுதான் தெலுக் கும்பார் மீனவர்களின் கேள்வி.

கேள்வி (டாமன்சாரா): இப்படிப்பட்ட திட்டங்களில் நம் ஆட்களுக்கு என்ன ஆகிறது?

அம்மா, இதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் ஆற்றை 1977 முதல் பத்தாண்டுகளில் சுத்தம் செய்தார்கள். ஏறக்குறைய 26,000 குடும்பங்கள் இடம் மாறின. 1983-இல் தோங்காங் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. அந்த ஆற்றில் ஒரு காலத்தில் படகு தள்ளியவர்களில் நம்மவர்களும் ஏராளம். ஆனால் போனவர்களுக்கு அடுக்கு வீடும், அங்காடிக்காரர்களுக்குக் கூரை போட்ட கடையும் கிடைத்தன. சியோலில் 2003 முதல் 2005-க்குள் மேம்பாலத்தை இடித்து 5.8 கிலோமீட்டர் சொங்கேசொன் ஓடையைத் திறந்தார்கள். அங்கிருந்த தெருவோர வியாபாரிகள் பலர் ஒரு பழைய ஸ்டேடியத்துக்குள் ஒதுக்கப்பட்டார்கள். பிறகு அந்த ஸ்டேடியத்தையும் இடித்துவிட்டார்கள். அந்த ஓடையில் ஓடுவதும் பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து பம்ப் வைத்து ஏற்றும் தண்ணீர்தான்.

நம் ஊரில் புக்கிட் கியாரா இருக்கிறது. கால்வாய் இல்லை, பூங்கா. ஆனால் பேரம் இதே பேரம். அங்கிருந்த ரப்பர் தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்ட பிறகு தொழிலாளர் குடும்பங்கள் நாற்பது ஆண்டுக்கு மேல் தற்காலிக நீள்வீட்டில் இருந்தன. அவர்களுக்கு ஒரு வீட்டுத்தொகுதி கட்டித் தர வேண்டுமானால், பக்கத்திலுள்ள ரிம்பா கியாரா பூங்காவில் 12 ஏக்கரில் ஆடம்பர மாடிவீடுகளும் எழும்ப வேண்டும் என்று முடிச்சுப் போட்டார்கள். பூங்கா பக்கம் நின்றவர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. தீர்ப்பு சரி என்பதே என் கருத்து. ஆனால் ஏழைக்குத் தர வேண்டிய வீட்டைப் பொதுநிலத்துக்கு எதிரே நிறுத்திய அந்த முடிச்சைப் போட்டவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். பூங்காவுக்காக வாதாடியவர்கள்மேல் இல்லை, வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள்மேலும் இல்லை.

கேள்வி (கெப்போங்): இங்கிலாந்தில் வீடு கட்டுபவர்களே கால்வாயை மீட்டுத் தருகிறார்களாமே?

1990-ஆம் ஆண்டு திட்டமிடல் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் ஒப்பந்தம் போடுவார்கள். இத்தனையாவது வீட்டில் ஆள் குடியேறும் முன் இந்தத் துண்டுக் கால்வாய் முடிந்திருக்க வேண்டும் என்று அதில் எழுதலாம். நாம் கற்க வேண்டியது அந்தக் காலக்கெடுதான். அங்கேயும் லாபம் கட்டவில்லை என்று சொல்லி, கொடுத்த வாக்கைக் குறைத்துக்கொள்வது உண்டு. துண்டு துண்டாக மீட்பதில் வேடிக்கையும் உண்டு: லிச்ஃபீல்ட் கால்வாய்க்காக எம்6 டோல் சாலைக்கு மேலே 2003-இல் வைத்த நீர்ப்பாலம் இன்னும் இருபுறமும் கால்வாய் வந்து சேராமல் நிற்கிறது.

கேள்வி (புசாட் பண்டார்): கிள்ளான் ஆற்றில் திலாப்பியா பிடிக்கிறார்களே, சாப்பிடலாமா?

வேண்டாம். அழுக்குத் தண்ணீரிலும் தாங்கும் பண்டாராயா மீன் அங்கே நன்றாக வாழ்கிறது என்பதே போதுமான சான்றிதழ்.

கேள்வி (ஜிஞ்சாங்): எங்கள் தாமான் (குடியிருப்பு) லோங்காங் ஓரம் மேம்பாட்டு அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். கால்வாயை அழகுபடுத்தித் தருவார்களாம். என்ன கேட்பது?

அழகைப் பற்றிக் கேட்காதீர்கள், அதை அவர்களே படம் போட்டுக் காட்டுவார்கள். மழைநீரை நிறுத்தி வைக்கும் குளம் வரைபடத்தில் எங்கே, எத்தனை கன மீட்டர் என்று கேளுங்கள். 2001 முதல் ஜே.பி.எஸ். (வடிகால், நீர்ப்பாசனத் துறை) வழிகாட்டியின்படி பெருக்கெடுக்கும் நீரை அவரவர் நிலத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும். கால்வாய் வேலை முதல் வீட்டுச் சாவிக்கு முன்னா, கடைசிச் சாவிக்குப் பின்னா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், குளமும் கரையும் யார் பெயரில் இருக்கும், அரசிதழில் ஒதுக்கு நிலமாகப் பதிவாகுமா என்று கேளுங்கள். நகரில் சில வெள்ளத் தடுப்புக் குளங்களின் நிலம் தனியார் கைக்குப் போய், விஷயம் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வரை போனது உங்களுக்குத் தெரியும். பலகையில் ஆட்சேபத்துக்கான கடைசித் தேதி இருக்கும். அதற்குள் எழுத்து மூலம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.