பழைய மடக்கு சைக்கிள் வாங்கலாமா?

கேள்வி: பக்கத்துத் தெருவில் 1970களின் ராலே ட்வென்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நடுவில் மடங்கும். கடைக்குப் போகவும், மடக்கி ரயிலில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகவும் சரிப்படுமா?
– வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: கடைக்கு என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். தினமும் ரயிலில் தூக்கிக்கொண்டு ஏறத்தான் என்றால் வேண்டாம். லண்டன் பாதாள ரயிலில் மடக்கிய சைக்கிளை எந்த நேரத்திலும் கொண்டுபோக அனுமதி உண்டு, அதில் சிக்கலில்லை. ஆனால் இது முழுக்க இரும்பு, 15 கிலோவுக்கு மேல் இருக்கும். மடக்கினாலும் அகலமாகத்தான் நிற்கும், இரண்டு பாதியும் விலகாமலிருக்கப் பட்டை போட்டுக் கட்டிக்கொள்வது நல்லது. காலை நெரிசலில் படி ஏறி இறங்க, பின்சக்கரம் அடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும் பிராம்ப்டன் மடக்கு சைக்கிள்தான் சரி. இதை ஸ்டேஷன்வரை ஓட்டிப்போய்ப் பூட்டிவிட்டுப் போங்கள், காய்கறிப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு திரும்புங்கள், அதற்கு இதைவிட நல்ல வண்டி இந்த விலையில் கிடைப்பது கஷ்டம்.

வாங்கும் முன் கீலைப் பாருங்கள். இறுக்கிய பிறகு ஹேண்டிலைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் நடுவில் ஆட்டம் தெரியக் கூடாது. கீலைச் சுற்றிய பற்றவைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். சீட் பைப் மேலும் கீழும் நகர்கிறதா என்பதையும் பாருங்கள், துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. வண்டியின் வயது தெரிய வேண்டுமா? பின்சக்கரத்தின் நடுவில் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் ஹப் (கியர் இருக்கும் குடம்) போட்டிருந்தால், அதன் ஓட்டின்மேல் ஆண்டும் மாதமும் எண்ணாகக் குத்தியிருக்கும்.

கேள்வி: என்னிடம் அதே வண்டி இருக்கிறது. மழையில் பிரேக் பிடிப்பதே இல்லை. சில சமயம் பெடல் சும்மா சுற்றுகிறது. ஹப்பை மாற்றவா?
– வாசகர், லெஸ்டர்

பதில்: ஹப்பைத் தொடாதீர்கள், ரிம்மை மாற்றுங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும், கட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அது தீராது. அலுமினிய ரிம் போட்டால் வேறு வண்டி ஓட்டுவதுபோல இருக்கும். வாங்கும்போது ரிம்மின் விட்டம் 451 மில்லிமீட்டர் என்று சொல்லிக் கேளுங்கள். 20 இஞ்ச் என்று மட்டும் சொன்னால் 406-ஐக் கொடுத்துவிடுவார்கள், அதற்குப் பழைய பிரேக் எட்டாது. இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள், பெயின்ட், சீட், மணி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெடல் சும்மா சுற்றுவது பெரும்பாலும் கேபிள் தளர்வுதான். ஸ்டர்மி ஆர்ச்சரின் ஏடபிள்யூ என்ற மூன்று கியர் ஹப்பில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத ஓர் இடம் உண்டு, கேபிள் தளர்ந்தால் அங்கே போய் நின்றுவிடும். இரண்டாவது கியரில் வைத்து, வலதுபக்க நட்டின் ஓட்டை வழியே பாருங்கள்: கியர் கேபிள் இழுக்கும் சின்னச் சங்கிலியோடு சேர்ந்த தண்டின் விளிம்பு அச்சின் முனைக்குச் சமமாக இருக்க வேண்டும். அதைச் சரிசெய்யும்வரை எழுந்து நின்று மிதிக்காதீர்கள், அப்படித்தான் விழுவார்கள்.

கேள்வி: அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ், பிலிப்ஸ் வண்டிகளுக்கும் ராலேக்கும் உறவு உண்டா? பாகங்கள் பொருந்துமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: உறவு உண்டு. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949-இல் தொடங்கியதுதான், அந்த அம்பத்தூர் வண்டிகளைச் செய்த டிஐ சைக்கிள்ஸ். அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸிடம் 1960-இல் ராலேயும் வந்து சேர்ந்தது. ட்வென்டி விற்பனைக்கு வந்தது அதற்கப்புறம், 1968-இல். பாகம் மட்டும் நம்பி மாற்றாதீர்கள். ராலே தன் நாட்டிங்ஹாம் ஆலை வண்டிகளின் பெடல் அச்சுக் கிண்ணங்களுக்கு (ஃபிரேமின் அடியில் அச்சைத் தாங்குபவை) இஞ்சுக்கு 26 மரை என்று தனியாக வைத்திருந்தது, மற்றவர்களின் வழக்கம் 24. வேறு கிண்ணத்தை முடுக்கினால் ஃபிரேமின் மரை போய்விடும். பழைய கிண்ணங்களைத் துடைத்து வைத்துக்கொண்டு அச்சையும் குண்டுகளையும் மட்டும் புதிதாகப் போடுங்கள்.