முதலில் திவே காட் ஏறிப் பார்

கேள்வி: அக்கா, மும்பை செம்பூரில் பிறந்து வளர்ந்தவள் நான். வயது 23. பாட்டி பாடும் அபங்கங்களை, அதாவது விட்டலன் மேல் பாடிய மராத்திப் பாட்டுகளைக் கேட்டே வளர்ந்தேன். இந்த வருஷம் பண்டரிபுரம் விட்டலன் கோயிலுக்கு வாரி என்கிற பாதயாத்திரையில் நடந்து போக ஆசை. ஆனால் நாலு பேர் நடுவில் எனக்கு வாயே திறக்காது. பக்தி இருக்கிறதா என்பதும் சந்தேகம்தான். "நம்பிக்கை இல்லாதவளுக்கு யாத்திரை எதுக்கு?" என்கிறார் அம்மா. போகலாமா?
– பெயர் வேண்டாம், செம்பூர்

பதில்: போம்மா. ஆனால் ஆளந்தியிலிருந்து மூன்று வார நடைக்கு இந்த வருஷமே மூட்டை கட்டாதே. அங்கிருந்து மகான் ஞானேஸ்வரின் பாதுகையோடு வரும் பல்லக்கு புனேயில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு சாஸ்வட் ஊருக்குக் கிளம்பும். அந்த ஒரு நாள் மட்டும் நட. முந்தின நாளே ரயிலில் புனே போய்விடு, விடிகாலையில் கிளம்பிவிடுவார்கள். இன்னொரு மகானான துக்காராமின் பல்லக்கும் அன்றைக்கே புறப்படும். ஹடப்சரில் அது சோலாப்பூர் ரோட்டில் பிரிந்து போகும். நீ சாஸ்வட் பக்கம் திரும்பும் கூட்டத்தோடு போ.

30 கிலோமீட்டருக்கு மேல் நடை, கடைசியில் திவே காட் என்கிற மலைப்பாதை ஏற்றம். எடுத்த எடுப்பிலேயே கஷ்டமானதையா சொல்கிறாள் என்று அம்மா கேட்பார். ஏறி முடித்தவளுக்கு அடுத்த வருஷம் யாரும் தைரியம் சொல்ல வேண்டியிருக்காது, அதனால்தான்.

கூச்சத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். அங்கே யாரும் பேர் கேட்க மாட்டார்கள். டீ கொடுக்கிறவர், போலீஸ்காரர், இடித்துக்கொண்டு முன்னால் போகிறவர், நீ, எல்லாருமே 'மாவுலி'தான், அதாவது தாய். வெள்ளை டோப்பி போட்ட தாத்தா ஒருவர் சட்டென்று குனிந்து உன் காலைத் தொடுவார். பதறிப் பின்வாங்காதே, நீயும் அவர் காலைத் தொடு. அங்கே அறிமுகம் என்பது அவ்வளவுதான். "ஞானோபா மாவுலி துக்காராம்" என்று தாளத்தோடு சொல்லிக்கொண்டே நடக்க அரைகுறை மராத்தியே தாராளம். பாட்டியின் அபங்கங்கள் வேறு கைவசம் இருக்கின்றன!

பக்தி எந்தத் திருப்பத்தில் வரும் என்று என்னால் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள். மூன்று வாரம் நடந்து பண்டரிபுரம் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் விட்டலன் முன்னால் போய் நிற்பதே இல்லை. க்யூ அப்படி. சந்திரபாகா ஆற்றில் முங்கி எழுந்து, கோயில் கலசத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். வயல் வேலை காத்திருக்கும். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று நாம் வாயால் சொல்வதை அவர்கள் காலால் செய்கிறார்கள். சாமியைக் கிட்டப் பார்க்காமலே திருப்தியாகத் திரும்புகிறவர்கள், உனக்கு நம்பிக்கை எத்தனை படி என்று அளந்தா பார்க்கப்போகிறார்கள்?

இப்போதிருந்தே ஆபீஸ் விட்டதும் குர்லாவில் இறங்கி வீட்டுக்கு நட. புதுச் செருப்பு கூடவே கூடாது. மழைக்காலம், பிளாஸ்டிக் ஷீட் ஒன்று பையில் இருக்கட்டும்.

முழு வாரி அடுத்த வருஷம். திண்டி என்கிற யாத்திரைக் குழு ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தால் சாப்பாடும் கூடாரமும் அவர்கள் பொறுப்பு, மூட்டையும் லாரியில் வந்துவிடும். விடியுமுன் டாங்கர் தண்ணீரில் குளியல், ஒதுங்க இடம் தேடுவது இவைதான் பெண்களுக்குப் பெரும்பாடு. பக்திப் பரவசத்தில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

காட் ரோட்டில் அன்றைக்கு வண்டி விட மாட்டார்கள். ராத்திரி சாஸ்வடிலேயே தங்கிவிட்டு மறுநாள் திரும்பு. அங்கே போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்கு போன் பண்ணிவிடு. கூட்டத்துக்குள் சிக்னல் சரியாக இருக்காது, கொஞ்சம் தள்ளி வந்து பேசு.